கலிப்சோ கேட்கப் புதிதாக வருகிறவர்களுக்கு: கோபோ டவுனில் ஆரம்பியுங்கள்

கலிப்சோ என்றதும் கடற்கரை, தென்னை, பழரசக் கோப்பை, பின்னணியில் ஸ்டீல்பேன் என்ற எஃகு முரசு என்று ஒரு படம் மனதில் ஓடினால், முதலில் அதை அழித்துவிடுங்கள். ஓட்டல்காரர்களும் சொகுசுக் கப்பல் கம்பெனிகளும் வரைந்த படம் அது. கரிபியன் தீவான டிரினிடாடில் இந்தப் பாட்டு கம்புச் சண்டை நடந்த முற்றங்களில் தலையெடுத்தது. ஆளுநரையும் அரசியல்வாதியையும் வாடகை கேட்கும் வீட்டுக்காரியையும் வம்புக்கு இழுத்தே வளர்ந்தது. 1934-இல் பிரிட்டிஷ் அரசு ஓர் அரங்கச் சட்டம் கொண்டுவந்து, பாட்டு வரிகளைத் தணிக்கை செய்யும் அதிகாரத்தைப் போலீசிடம் கொடுத்தது. மெட்டுக்குப் பயந்து யாரும் சட்டம் போடுவதில்லை, வரிகளுக்குப் பயந்துதான் போடுவார்கள். கலிப்சோவில் எதைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும்.

1912-இல் பதிவான முதல் இசைத்தட்டில் தொடங்கி வரிசையாகக் கேட்டு வாருங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பழைய தட்டின் இரைச்சலும் பழக்கமில்லாத உச்சரிப்பும் சேர்ந்து உங்களை விரட்டிவிடும். இப்போது இருக்கும் ஒரு குழுவைக் கேட்டுவிட்டு, அங்கிருந்து பின்னால் போவதுதான் சுலபம். அதற்கு நான் கை காட்டுவது டொராண்டோவின் கோபோ டவுன் குழுவை.

இதன் தலைவர் ட்ரூ கோன்சால்வஸ் டிரினிடாடில் பிறந்தவர், பதின்ம வயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். பாட்டு எழுதுவதும் பாடுவதும் அவர்தான். 2004 வாக்கில் குழுவைத் தொடங்கியபோது, தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் பழைய குடியிருப்பு ஒன்றின் பெயரை அதற்கு வைத்தார். கலிப்சோ பிறந்த இடங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் பகுதி அது. 2013-இல் வந்த ‘ஜம்பி இன் த ஜூக்பாக்ஸ்’ தொகுப்பைத் தயாரித்தவர் பெலீஸ் நாட்டு இவான் துரான். 2017-இல் வந்த ‘வேர் த கேலியன் சாங்க்’ அடுத்த ஆண்டு கனடாவின் ஜூனோ விருதை வாங்கியது.

‘புதுமை’ என்ற சொல்லை இந்தக் குழுவிடம் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். ஊரில் இருந்தவர்கள் கலிப்சோவை வேகமாக்கி, மின்னிசை சேர்த்து, ஆட்டத்துக்குரிய சோகாவாக மாற்றிக்கொண்டு போனார்கள். வெளியூர் போன இந்தப் பிள்ளை 1930-களின் சொல் நிறைந்த கலிப்சோவுக்குத் திரும்பிப் போய், அதன் அடியில் ஜமைக்காவின் ரெகே இசைக்குரிய பேஸை, அதாவது தாழ்ந்த கனத்த ஒலியை, போட்டார். முன்னே போவதற்காகப் பின்னே போன குழு இது. பழசு தெரியாமல் இந்தப் புதுசு முழுதாகப் புரியாது. அதனால்தான் கீழே சொல்லும் படிகள் இப்போதில் தொடங்கி, பழைய காலத்துக்குப் போய், மறுபடி இங்கேயே வந்து சேர்கின்றன.

படி 1: வரிகளோடு ஒரு பாட்டு

ஜம்பி தொகுப்பில் உள்ள ‘கைசோ நியூஸ்காஸ்ட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கலிப்சோவின் பழைய பெயர் கைசோ. ஊர்ச் செய்தியைப் பாட்டுக்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட காலத்தை நினைத்து எழுதிய பாட்டு என்பதால், மொத்தக் கலைக்கும் இது ஒரு முன்னுரை.

முதல் தடவை வரிகளைப் பார்க்காமல் கேளுங்கள். பாதி விளங்காது, பரவாயில்லை. இரண்டாம் தடவை இணையத்தில் வரிகளைத் தேடி எதிரில் வைத்துக்கொண்டு, வேறு வேலை எதுவும் பார்க்காமல் கேளுங்கள். மூன்றாம் தடவை மறுபடி வரிகள் இல்லாமல். டிரினிடாடுக்காரர்களின் ஆங்கிலம் வாக்கியத்தின் கடைசியில் ஏறி இறங்கும், வினைச்சொல்லின் வால் அடிக்கடி காணாமல் போகும். மேற்கிந்தியத் தீவுகளின் பழைய ஆட்டக்காரர்கள் பேட்டி கொடுப்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

அடுத்து அதே தொகுப்பின் ‘போஸ்ட்கார்ட் பாவர்ட்டி’. ஏழைகளின் வீட்டை அழகான காட்சியாகப் பார்த்துப் படமெடுக்கும் சுற்றுலாப் பயணியைக் குத்தும் பாட்டு. மெட்டு சிரிக்கும், வரி கிள்ளும். கலிப்சோவின் அடிப்படைக் குணம் இது. மேலோட்டமாகக் கேட்டால் கொண்டாட்டப் பாட்டு என்றே தோன்றும். காலை நடையில் பின்னணியாக ஓடவிட்டால் பாதிப் பாட்டு போய்விடும்.

படி 2: தாளத்தைக் கையில் பிடியுங்கள்

இதற்குச் சங்கீத ஞானம் தேவையில்லை. எட்டு எண்ணிக்கையை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவின் முதல் எண்ணில் தட்டுங்கள். ‘தகிட தகிட தக’ என்று வாயால் சொல்லிக்கொண்டால் இன்னும் எளிது. பழைய கலிப்சோவில் பேஸ் பெரும்பாலும் இந்த நடையைச் சுற்றித்தான் ஆடும். தட்டிக்கொண்டே கேட்டால் பாடகர் எங்கே வேண்டுமென்று தாமதிக்கிறார், எங்கே ஒரே மூச்சில் பத்துச் சொல்லைத் திணிக்கிறார் என்பது தெரியும். வேடிக்கை அங்கேதான். கலிப்சோப் பாடகர் வரியைத் தாளத்துக்காக வெட்டுவதில்லை. நீளமான வரியை எப்படியோ நெருக்கி உள்ளே அடைத்துவிடுவார்.

கைப்பேசி ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். கோபோ டவுனின் ரெகே பகுதி முழுக்க பேஸில் இருக்கிறது. கைப்பேசி அதை விழுங்கிவிடும்.

படி 3: 1930-களுக்கு ஒரு தாவல்

இப்போது பழைய தட்டுகளுக்குப் போகலாம். அட்டிலா த ஹன், ரோரிங் லயன், க்ரவ்லிங் டைகர், லார்டு எக்சிக்யூட்டர், லார்டு இன்வேடர். எல்லாமே மேடைப் பெயர்கள். பிரபுக்கள் ஆண்ட ஊரில் கூலிக்காரன் தனக்குத்தானே ‘லார்டு’ பட்டம் சூட்டிக்கொண்டதே பாதிக் கிண்டல். ரேமண்ட் கெவேடோ என்ற அட்டிலா பிற்காலத்தில் அந்த ஊர்ச் சட்டசபை உறுப்பினராகவும் ஆனார்.

இவர்களில் பலர் கப்பலேறி நியூயார்க் போய்த்தான் பாடிப் பதிந்தார்கள். பின்னணியில் ஜெரால்ட் கிளார்க்கின் குழு வாசிக்கும்: கிளாரினெட், வயலின், பியானோ, கிட்டார், கூடவே குவாத்ரோ. குவாத்ரோ என்பது கிட்டாரைவிடச் சிறிய நான்கு தந்திக் கருவி, பக்கத்து வெனிசுவேலாவிலிருந்து வந்தது. கோபோ டவுனில் கோன்சால்வஸ் கையில் இருப்பதும் இதுதான். அந்தக் கீச்சு மீட்டலை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் எண்பது வருட இடைவெளி சுருங்கிவிடும்.

புதியவர்கள் இந்த இடத்தில் சொல்லும் புகார் ஒன்று உண்டு: “எல்லாப் பாட்டும் ஒரே மெட்டு மாதிரி இருக்கே?” சரிதான். சோகச் சாயல் கொண்ட சில மெட்டுகளில் நூற்றுக்கணக்கான பாட்டுகள் இருக்கின்றன. மெட்டு அங்கே வண்டி மட்டும்தான், ஏறி வரும் சரக்கைப் பாருங்கள். எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த ஃபைசாபாதில் 1937 ஜூனில் தொழிலாளர் தலைவர் பட்லர் தலைமையில் வேலைநிறுத்தம் வெடித்துக் கலவரமானது. (ஆமாம், நம் அயோத்திக்குப் பக்கத்து ஃபைசாபாதின் பெயர்தான். ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் கொண்டுபோன பெயர்.) விசாரிக்க லண்டனிலிருந்து கமிஷன் வந்தது. கமிஷன் அறிக்கை என்ன சொல்லிற்று, எதைச் சொல்லாமல் விட்டது என்று அட்டிலா ஒரு பாட்டே பாடினார். அரசு அதைத் தடுத்தது. அந்த நாளின் செய்தித்தாளை நீங்கள் படிக்கப் போவதில்லை, பாட்டைக் கேட்டால் போதும்.

ஒரு பயிற்சி. ‘ரம் அண்ட் கோகோ கோலா’வை இரண்டு குரலில் கேளுங்கள். முதலில் 1945-இல் அமெரிக்காவைக் கலக்கிய ஆண்ட்ரூஸ் சிஸ்டர்ஸ் பதிவு. துள்ளலான விடுமுறைப் பாட்டு போல இருக்கும். பிறகு 1943-இல் அதை எழுதிய லார்டு இன்வேடரின் குரல். போர்க்காலத்தில் டிரினிடாடில் அமெரிக்கப் படைத்தளம் வந்தது. டாலர் வந்தது. தாயும் மகளும் அந்த டாலருக்காக உழைக்கிறார்கள் என்பது பாட்டின் முக்கிய வரி. அந்த ‘உழைப்பு’ என்ன என்று இன்வேடரின் குரலில் கேட்டால் சந்தேகமே வராது. அமெரிக்கப் பதிவில் அதே வரி கூசாமல் சிரித்துக்கொண்டு போகும். பிறகு வழக்கு நடந்தது. இன்வேடரின் வரிகளைத் திருவிழாப் பாட்டுப் புத்தகத்தில் அச்சிட்டு உரிமை வைத்திருந்த முகமது கான் என்பவர் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வென்றார். மெட்டு லயனல் பெலாஸ்கோ என்ற டிரினிடாடுக்காரருடையது என்று இன்னொரு வழக்கிலும் முடிவானது.

பழைய பதிவுகளைத் தேட, ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் பட்டியல் நல்ல இடம். 1950-களில் டிரினிடாடில் எமரி குக் செய்த களப்பதிவுகளும் இப்போது அவர்களிடம்தான் இருக்கின்றன.

படி 4: லண்டனில் சில நாட்கள் தங்குங்கள்

வேறு எதைத் தாண்டினாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். புலம்பெயர்ந்தவர்கள் கலிப்சோவைப் புதிதாக்கிய முதல் பெரிய அத்தியாயம் இதுதான்.

1948 ஜூனில் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் ஜமைக்காவிலிருந்து குடியேறிகளை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குப் பக்கத்து டில்பரித் துறைமுகத்துக்கு வந்தபோது அதில் டிரினிடாடின் கலிப்சோப் பாடகர் லார்டு கிச்சனர் இருந்தார், இன்னொரு பாடகர் லார்டு பிகினரும் இருந்தார். செய்திப்பட நிறுவனமான பாதேயின் ஒலிவாங்கிக்கு முன்னால், இசைக்கருவி எதுவும் இல்லாமல், ‘லண்டன்தான் எனக்கேற்ற ஊர்’ என்று கிச்சனர் பாடிய துண்டு இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அதைப் பார்த்துவிட்டு, சில ஆண்டு கழித்து அவர் பதிந்த தட்டைக் கேளுங்கள். பிக் பென் மணியோசை பியானோவில் ஒலித்துத் தொடங்கும்.

அதோடு நிறுத்தினால் கிச்சனரை ஏமாளி என்று நினைத்துவிடுவீர்கள். தொடர்ந்து அவருடைய லண்டன் பாட்டுகளை வருட வரிசையில் கேளுங்கள். வாடகை அறையில் வீட்டுக்காரி படுத்தும் பாடு ஒன்றில் வரும். குளிருக்கு வந்து மாட்டிக்கொண்டேனே, ஜமைக்காவிலேயே இருந்திருக்கலாமே என்று புலம்புவார். நிறத்தைப் பற்றிய பாட்டில் சிரிப்பு சற்றுக் கசக்கும். கானா விடுதலை பெறப்போகும்போது அதை வாழ்த்தி ஒரு பாட்டு. ஆசையோடு வந்து இறங்கிய ஒருவனுக்கு ஊர் மெதுவாகப் புரிகிற கதை, தட்டுத் தட்டாக நம் கண் முன்னே நடக்கும். வெளிநாட்டில் முதல் குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்கு இந்த வரிசையை விளக்கவே தேவையில்லை.

இசையும் மாறியது. ரூபர்ட் நர்ஸ் இசைக்கோர்வை அமைத்தார். லண்டனின் கரிபிய, ஆப்பிரிக்க ஜாஸ் கலைஞர்கள் ஊதினார்கள். பித்தளைக் கருவிகள் கூடின, மெட்டு கொஞ்சம் சொகுசானது. ஆனால் வரிகளின் கூர் மழுங்கவில்லை. இந்தக் காலப் பாட்டுகளை ஹானஸ்ட் ஜான்ஸ் நிறுவனம் கிச்சனர் பாட்டின் பெயரிலேயே தொகுப்புகளாக வெளியிட்டிருக்கிறது. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் அதன் முதல் தொகுதியை வாங்குங்கள்.

கிரிக்கெட் பிடிக்குமென்றால் உங்களுக்குத் தனிப் பரிசு. 1950 ஜூன் 29 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகள் இங்கிலாந்தை 326 ஓட்டத்தில் வீழ்த்தியது. இங்கிலாந்து மண்ணில் அவர்களுடைய முதல் டெஸ்ட் வெற்றி. சுழல் பந்தில் சோனி ராமாதீன் 11 விக்கெட், ஆல்ஃப் வேலன்டைன் 7 விக்கெட். ராமாதீன் இந்திய வம்சாவளியில் மேற்கிந்திய அணிக்கு ஆடிய முதல் ஆள். ஆட்டம் முடிந்ததும் கிச்சனர் கிட்டாரோடு மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போக, கூட்டம் பின்னாலேயே ஆடிக்கொண்டு போனது. லார்டு பிகினர் பாடிய வெற்றிப் பாட்டு ‘கிரிக்கெட், லவ்லி கிரிக்கெட்’ என்று ஆரம்பிக்கும். யார் எத்தனை எடுத்தார், யார் எப்படி நின்றார் என்று ஸ்கோர் அட்டையையே பாட்டாக்கியிருப்பார். கைசோ நியூஸ்காஸ்ட் எதைப் பற்றிப் பேசுகிறது என்பது இந்தப் பாட்டில் கண்கூடாகத் தெரியும்.

படி 5: பெலஃபான்டேயை ஓரமாக வையுங்கள்

ஹாரி பெலஃபான்டேயின் 1956 தொகுப்பின் பெயர் ‘கலிப்சோ’. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அருமையான குரல், நல்ல மனிதர். ஆனால் அதன் புகழ்பெற்ற வாழைப்பழப் பாட்டு ஜமைக்காத் துறைமுகத் தொழிலாளர்களின் வேலைப்பாட்டு. கலிப்சோவின் கிண்டலை அதில் தேடினால் கிடைக்காது. தனியாகக் கேட்டு ரசியுங்கள்.

படி 6: ஸ்பாரோ, ரோஸ், பிறகு சோகா

அதே 1956-இல் டிரினிடாடில் நடந்ததைக் கேளுங்கள். கிரெனடாவில் பிறந்த இளைஞர் மைட்டி ஸ்பாரோ ‘ஜீன் அண்ட் டைனா’ பாடி, போட்டியில் கலிப்சோ அரசர் பட்டம் வாங்கினார். அமெரிக்கச் சிப்பாய்கள் போய்விட்டார்கள், டாலரும் போய்விட்டது, இனி விலை எங்கள் விலைதான் என்று உள்ளூர் ஆண் கெக்கலிக்கும் பாட்டு. இன்வேடர் 1943-இல் எழுதிய கதையின் அடுத்த பாகம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பாட்டுக்காரர்கள் தலைமுறை தாண்டி ஒரே நாட்குறிப்பை எழுதி வந்திருக்கிறார்கள் என்பது தெரியும். பெண்களைப் பற்றிய அந்தப் பார்வை இன்று காதில் உறுத்தும். உறுத்தட்டும்.

அந்த உறுத்தலுக்குப் பதில் சொல்ல வந்தவர் கலிப்சோ ரோஸ். டொபாகோக்காரர். 1978-இல் அவர் வென்றபோது ‘கலிப்சோ கிங்’ என்ற பட்டத்தின் பெயரையே ‘கலிப்சோ மொனார்க்’ என்று மாற்ற வேண்டியதாயிற்று. பல காலமாக நியூயார்க்கில் வாழ்கிறவர். 2016-இல் ‘ஃபார் ஃப்ரம் ஹோம்’ தொகுப்பு வந்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அதன் தயாரிப்பில் அதே இவான் துரான், கூடவே பாடகர் மனு சாவ். பாட்டெழுத்தில் கோன்சால்வஸ். அதிலுள்ள ‘அபடீனா’வைக் கோபோ டவுனும் பாடியிருக்கிறது. ஓர் இளம்பெண்ணின் மணவாழ்வு துயரத்தில் முடியும் கதை. இருவர் குரலிலும் கேட்டு ஒப்பிடுங்கள். என் ஓட்டு ரோஸுக்குத்தான். கோன்சால்வஸ் கதை சொல்கிறார், ரோஸ் அந்தத் தெருவில் குடியிருந்தவர் போலப் பாடுகிறார்.

சோகா தெரியாமல் இன்றைய டிரினிடாடைப் புரிந்துகொள்ள முடியாது. 1970-களின் தொடக்கத்தில் கலிப்சோப் பாடகர் லார்டு ஷார்ட்டி, டோலக், தந்தால், மாண்டலின் என்று இந்தியர் வீட்டுக் கருவிகளையும் தாளத்தையும் கலிப்சோவுக்குள் கொண்டுவந்தார். சோகா அங்கிருந்து முளைத்தது. 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 1,44,000 பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாடுக்குப் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகம் வழியாக, ஒரு சிறுபகுதியினர் சென்னை வழியாக. சென்னை வழி போனவர்களுக்கு அங்கே இன்றும் ‘மதராசி’ என்றுதான் பெயர். சோகாவின் தாளத்தில் நம் ஊர்ப் பறையைத் தேடாதீர்கள். கலந்தது பெரும்பாலும் போஜ்புரி வீடுகளின் இசை. 1987-இல் துருபதி ராம்கூனாய் ‘சட்னி சோகா’ பாடியபோது அந்தக் கலப்புக்கு ஒரு பெயரும் கிடைத்தது.

படி 7: மறுபடி டொராண்டோ

இத்தனையும் கேட்ட பிறகு ஜம்பி தொகுப்பை முதலிலிருந்து போடுங்கள். இந்த முறை மூன்றைக் கவனியுங்கள். அட்டிலா காலத்துச் சோகச் சாயல் மெட்டு எங்கே வருகிறது? ரெகே பேஸ் எங்கே நுழைந்து நடையைக் கனமாக்குகிறது? முக்கியமாக, பாடுபவர் ஊருக்குள்ளே நின்று பேசுகிறாரா, வெளியே நின்றா?

மூன்றாவதில் எனக்கு ஒரு குறை உண்டு. ஸ்பாரோ ஓர் அமைச்சரைத் திட்டினால் அந்த அமைச்சர் மறுநாள் அதைக் கேட்பார். டொராண்டோவில் இருந்துகொண்டு டிரினிடாடைப் பாடும்போது அந்த நேரடிச் சூடு கிடைப்பதில்லை. நினைவின் தூரம் வந்துவிடுகிறது. தான் வளர்ந்த டியாகோ மார்ட்டின் என்ற ஊரைக் கோன்சால்வஸ் பாடும்போது அது தெரிகிறது. ஆனால் அதே தூரம்தான் ‘போஸ்ட்கார்ட் பாவர்ட்டி’யை எழுத வைத்தது. உள்ளூர்க்காரனுக்குச் சுற்றுலாப் பயணி வெறும் வாடிக்கையாளன். போய்த் திரும்புகிறவனுக்கோ, தானும் கொஞ்சம் அந்தப் பயணிதானோ என்ற உறுத்தல் இருக்கும்.

படி 8: நேரில் கேட்க

டொராண்டோவில் 1967 முதல் நடக்கும் கரிபானா ஊர்வலத்துக்கு ஆகஸ்ட் வாக்கில் போகலாம். ஆனால் தெருவில் லாரி மீது ஒலிப்பது சோகா, நீங்கள் தேடிப்போகும் சொல்லாட்டம் அங்கே அகப்படாது. அந்தப் பருவத்தை ஒட்டி நடக்கும் கலிப்சோப் போட்டி அரங்குக்குள் போங்கள். லண்டனின் நாட்டிங் ஹில் கார்னிவலிலும் இதே கதைதான்.

டிரினிடாடுக்கே போவதானால், சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கள், செவ்வாய்தான் கார்னிவல். கலிப்சோவுக்காகப் போகிறவர் அதற்குச் சில வாரம் முன்பே போக வேண்டும். அப்போதுதான் ‘டென்ட்’ எனப்படும் கலிப்சோ நிகழ்ச்சிகள் நடக்கும். பெயர்தான் கூடாரம். மூங்கிலும் ஓலையும் போட்ட காலத்துப் பெயர் ஒட்டிக்கொண்டது, இப்போது கட்டடத்துக்குள் நாற்காலி போட்டு நடக்கிறது. போகும் முன் அந்த வாரத்து உள்ளூர்ச் செய்தித்தாள்களைப் புரட்டுங்கள். இல்லாவிட்டால் அரங்கம் முழுக்கச் சிரிக்கும்போது நீங்கள் மட்டும் விழிப்பீர்கள். பாட்டு பிடித்தால் கைதட்டலோடு “கைசோ! கைசோ!” என்று கத்துவது வழக்கம்.

எக்ஸ்டெம்போ போட்டி நடந்தால் தவறவிடாதீர்கள். தலைப்பு மேடையிலேயே கிடைக்கும், பாட்டு அங்கேயே கட்டப்படும். இருவர் எதிரெதிரே நின்று நாலு நாலு வரியாக ஒருவரை ஒருவர் வாருவார்கள். பார்வையாளர்களையும் விடமாட்டார்கள். முன்வரிசையில் வெளியூர் முகமாக உட்கார்ந்திருந்தால் உங்கள் சட்டை, தொப்பை, கேமரா எல்லாம் பாட்டில் ஏறலாம். சிரித்துவிடுங்கள். முறைத்தால் அடுத்த நாலு வரியும் உங்களுக்குத்தான்.